பழத்தோல் பாதரசத்தைப் பிடிக்கும். பிடித்த பாதரசம் எங்கே போகும்?

கொடைக்கானலில் சீசன் களைகட்டும் நாள்களில் ஓட்டல்களின் பின்வாசலில் சேர்வதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடிகட்டித் துணியிலிருந்து உதறிய டீத்தூள் சக்கை, ஆம்லெட் கடைகளின் முட்டை ஓடு, ஜூஸ் கடைகளின் ஆரஞ்சுத் தோல், மலைவாழைத் தோல், பஜ்ஜி சுட்டுச் சுட்டுக் கறுத்துப்போன எண்ணெய். பிரித்து வாங்க ஆள் இல்லாத இடங்களில் இவை பிளாஸ்டிக்கோடும் பழைய பேட்டரியோடும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுக் குப்பைக் கிடங்குக்குப் போகின்றன. அங்கே உணவுக் கழிவு அழுகும்போது அமிலம் உண்டாகிறது. மழைநீர் அந்த அமிலத்தோடு குப்பைக்குள் இறங்கி, பேட்டரியிலும் பெயின்ட் டப்பாவிலும் இருக்கும் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழே கசிகிறது. உயிருள்ள பொருளிலிருந்து வந்த, யாருக்கும் தீங்கு செய்யாத தோலும் சக்கையும் இப்படித்தான் ஓடை நீரைக் கெடுக்கும் முதல் காரணங்களில் ஒன்றாகிவிடுகின்றன.

அதே தோலையும் சக்கையையும் கொண்டு நீரிலுள்ள ஈயத்தையும் பாதரசத்தையும் பிடிக்க முடியும் என்று உலகெங்கும் ஆய்வகங்கள் காட்டிவருகின்றன. இந்தச் செய்தி பழனி மலைத்தொடருக்கு வந்து சேரும்போது அதற்குத் தனிப் பொருள் இருக்கிறது. இந்தியாவில் பாதரச மாசு என்றாலே முதலில் நினைவுக்கு வரும் ஊர்களில் கொடைக்கானலும் ஒன்று. ஆகவே இந்தத் தொழில்நுட்பம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இங்கே வாழ்பவர்கள் சற்று விவரமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து விடுவதும், முருங்கை விதையை இடித்துப் போடுவதும் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். அவை மிதக்கும் சேற்றுத் துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் படிய வைக்கின்றன. பார்வைக்குப் பளிங்குபோல் தெளிந்த நீரிலும் ஈயம் கரைந்திருக்கலாம். அதைப் பிடிக்க வேறு வழி வேண்டும். அந்த வழியும் நமக்குப் புதிதில்லை. வீட்டுச் சமையலறையில் சுவரில் மாட்டியிருக்கும் குடிநீர் சுத்திகரிப்புக் கருவிகள் பலவற்றில் இருக்கும் கரி, தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுத்ததுதான். தேங்காய் உணவு, சிரட்டை கழிவு, அந்தக் கழிவிலிருந்து நீரைச் சுத்தம் செய்யும் பொருள். கொங்குப் பகுதியில் இது பல ஆண்டுகளாக ஏற்றுமதித் தொழிலாகவே நடக்கிறது.

பள்ளி வேதியியலில் பரப்புக் கவர்ச்சி என்று ஒரு பாடம் வரும். ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் நீரிலுள்ள வேறொரு பொருள் வந்து ஒட்டிக்கொள்வதே அது. ஒட்ட இடம் வேண்டுமானால் பரப்பு வேண்டும். காற்றை மிகக் குறைத்து, 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் தாவரக் கழிவைச் சுட்டால் உயிர்க்கரி கிடைக்கிறது. அதை மேலும் சூடாக்கி நீராவி செலுத்தினாலோ, பாஸ்பாரிக் அமிலம் போன்ற வேதிப்பொருளில் ஊறவைத்துச் சுட்டாலோ அதற்குள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. அப்படி நன்றாகத் தயாரித்த ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1000 சதுர மீட்டரைத் தாண்டும். சாயம், பூச்சிக்கொல்லி, துர்நாற்றம் தரும் கரிமச் சேர்மங்கள் ஆகியவற்றைப் பிடிப்பதில் இந்தக் கரி கெட்டி.

உலோகங்களின் கதை வேறு. அவற்றைப் பிடிக்கப் பரப்பு மட்டும் போதாது. பிடித்து வைத்துக்கொள்ளும் வேதித் தொகுதிகள் வேண்டும். பழத்தோலில் அவை இயற்கையாகவே இருக்கின்றன. ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான பெக்டின், ஆரஞ்சுத் தோலிலும் வாழைத் தோலிலும் நிறைய உண்டு. அதன் நீண்ட சங்கிலியில் வரிசையாகக் கார்பாக்சில் தொகுதிகள் நிற்கின்றன. நீரில் வரும் ஈய அயனி இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே சிக்கி, ஏற்கெனவே அங்கிருந்த கால்சியத்தை வெளியேற்றிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. டீச் சக்கையில் பாலிபீனால்களும் செல்லுலோசும் லிக்னினும் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே உலோகத்துக்காக என்றால் தோலைக் கரியாக்கும் செலவே சில நேரங்களில் வேண்டாம். சுட்டால் இந்தத் தொகுதிகளில் பல அழிந்தும் போகின்றன.

அதற்காகத் தோலை அப்படியே காயவைத்துத் தண்ணீரில் கொட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். பச்சைத் தோலில் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் சர்க்கரையும் நிறமும் உண்டு. இவை கரைந்து வெளியே வந்தால் நீர் பழுப்பாகும், நுண்ணுயிர்கள் பெருகும், ஆக்சிஜன் குறையும். சுத்தம் செய்ய வந்த பொருளே அழுக்காகிவிடும். எனவே தோலை நறுக்கிக் கழுவிக் காயவைத்து, வெந்நீரில் கொதிக்கவிட்டு வடிக்கிறார்கள். வடிநீரில் நிறம் இறங்குவது நிற்கும்வரை இது தொடரும். டீச் சக்கைக்கு இந்தக் கட்டம்தான் உயிர்நாடி. அதன் சாயம் அவ்வளவு எளிதில் விடாது. பிறகு சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்தால் பெக்டின் கரைந்து ஓடாமல் இறுகுகிறது, உலோகத்தைப் பிடிக்கும் இடங்களும் கூடுகின்றன. மறுபடி காயவைத்து ரவைப் பதத்துக்கு உடைக்க வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் குழாய்க்குள் பசைபோல் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் கீழே இறங்காது. இவ்வளவும் முறையாகச் செய்தாலும் இது வீட்டுக் குடிநீருக்கு யாரும் தாமாகச் செய்துகொள்ளும் வடிகட்டி இல்லை. ஈரத்தில் இருக்கும் தாவரப் பொடியில் கிருமி வளரும் என்பதை மறக்கக் கூடாது.

இனி பாதரசத்துக்கு வருகிறேன். இந்த மலையில் இருந்துகொண்டு அதைத் தொடாமல் போக முடியாது.

பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் உள்ள நாட்டம் வேதியியலில் பேர்போனது. பூமியில் பாதரசம் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த சிவப்புத் தாதுவாகவே கிடைக்கிறது. சித்த மருத்துவம் அதை லிங்கம் என்று அறியும். இந்த நாட்டத்தைக் கையில் எடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஜஸ்டின் சாக்கர் தலைமையிலான அந்தக் குழு, 2015-ல் ஆரஞ்சுத் தோல் எண்ணெயின் முக்கியச் சேர்மமான லிமோனீனையும், பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் மலைமலையாகத் தேங்கும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி ஒரு பாலிமரை உருவாக்கியது. இரண்டுமே கழிவு. நீரிலுள்ள பாதரச அயனியை அது பிடித்தது, பிடிக்கும்போது நிறமும் மாறியது. அதாவது இங்கே பாதரசம் இருக்கிறது என்று கண்ணுக்கும் காட்டிக்கொடுத்தது.

2017-ல் இதே குழு சமையல் எண்ணெய்க்குத் தாவியது. கந்தகத்தை உருக்கி, அதே எடைக்கு எண்ணெய் சேர்த்து, நடுவில் சாப்பாட்டு உப்பையும் கலந்து ரப்பர்போல் இறுக விடுகிறார்கள். பிறகு தண்ணீரில் உப்பைக் கழுவிவிட்டால், உப்பு இருந்த இடமெல்லாம் துளையாகி ஒரு பஞ்சு கிடைக்கிறது. ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலும் இதைச் செய்ய முடிந்தது. உருண்டோடும் பாதரசத் துளியையே இது பிடித்து, கரையாத கறுப்புப் பாதரச சல்பைடாக மாற்றுகிறது. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பில் பிடித்தது அதன் எளிமை. உப்பு, கந்தகம், பழைய எண்ணெய். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பயன்படுத்திய எண்ணெயை மீண்டும் உணவுக்குள் வரவிடாமல் சேகரிக்கும் திட்டத்தை 2018-ல் தொடங்கியது. இப்போது அந்த எண்ணெயைப் பயோடீசலுக்குத்தான் கேட்கிறார்கள். கொடைக்கானல் ஓட்டல்களின் எண்ணெய்க்கு இன்னொரு வழியும் இருக்கிறது என்று இதைப் படித்தவுடன் தோன்றுவது இயல்பு.

ஆனால் கொடைக்கானலின் பாதரசம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானி ஆலை 1983-ல் இங்கே இயங்கத் தொடங்கியது. பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பல டன் கிடப்பதை மக்கள் வெளியே கொண்டுவந்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016-ல்தான். ஆலை நின்ற இடம் பாம்பார் சோலைக்கு மேலே. அந்தச் சோலையின் நீர் கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது.

ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் ஆலையைச் சுற்றியுள்ள மரப்பாசியையும் மரப்பட்டையில் ஒட்டி வளரும் லைக்கனையும் சோதித்தார்கள். பிறகு ஏரியையும் சோதித்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தின் உச்சவரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1000 நானோகிராம். வரம்புக்குள்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. ஏரியடிச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை உடலில் எளிதில் சேரும் மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறும்போது படிக்குப் படி செறிவு கூடுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட கொடுமையில், ஆலைக் கழிவிலேயே இருந்த மெதில் பாதரசம் இப்படித்தான் மீன் வழியாக மனிதர்களுக்கு வந்தது.

நீரைப் பார்த்து மட்டும் முடிவுசெய்தால் விஷயம் கைநழுவிவிடும். பாதரசத்தின் பெரும்பகுதி ஆலை மண்ணிலும் சேற்றிலும் தங்குகிறது. அங்கிருந்துதான் அது மழைக்குக் கொஞ்சம், வெயிலுக்குக் கொஞ்சம் என்று கிளம்புகிறது. ஏரியின் மதகில் பழத்தோல் வடிகட்டி வைத்தால் அந்த மண்ணில் ஒரு துளியும் குறையாது. கந்தகப் பஞ்சை மண்ணில் கலந்தால் பாதரசம் கரைந்தோடுவது குறையலாம். அப்போதும் பாதரசம் அங்கேயே, வேறு வடிவத்தில், இருந்துகொண்டுதான் இருக்கும். இத்தகைய பொருள்களுக்கு உரிய இடம், ஆலை மண்ணைச் சுத்திகரிக்கும் பணி நடக்கும் இடத்திலிருந்து வடியும் நீரை ஓடையில் சேரும் முன் தடுத்துப் பிடிக்கும் வாய்க்கால்தான்.

அப்படிப் பிடித்த பிறகு? தோல், சக்கை, கரி என்று பேசும் பெரும்பாலான செய்திகள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகின்றன என்பதுதான் என் ஆதங்கம். பரப்புக் கவர்ச்சி எந்த உலோகத்தையும் அழிப்பதில்லை. நீரில் பரவிக் கிடந்ததை ஒரு சாக்குப் பொடியில் திரட்டித் தருகிறது, அவ்வளவே. அந்தச் சாக்கைப் பார்த்தால் காய்ந்த தோல்பொடியாகத்தான் தெரியும். குளிர் காலத்தில் யாரோ ஒருவர் அடுப்பில் போட்டால் போதும். பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகி மூச்சுக்குள் போய்விடும். சல்பைடாக மாறியிருந்தாலும் நெருப்பில் போட்டால் மறுபடி ஆவியாகத்தான் கிளம்பும். ஈயம் பிடித்த பொடியை உரக்குழியில் சேர்த்தால் அது கேரட் பாத்திக்கு வரும். உடைந்த வெப்பமானிக் கண்ணாடி பழைய பொருள் கடைவரை போய்ச் சேர்ந்த ஊர் இது. இங்கே இந்தக் கவலையை மிகை என்று யாரும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது தெரிந்ததுதான். ஈயம், செம்பு போன்றவை என்றால் பொடியை மென் அமிலத்தில் கழுவலாம். ஹைட்ரஜன் அயனிகள் உலோகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும், பொடி மறுபடி சில சுற்றுகளுக்கு உழைக்கும். உலோகம் சிறிய அளவு அமிலத்தில் செறிவாகக் கிடைக்கும். அதை வீழ்படிவாக்கி எடுக்கலாம். இறுதியில் மிஞ்சும் பொடி 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. தமிழ்நாட்டில் அதை வாங்கிப் பத்திரமாகப் புதைக்கும் நிலையம் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து மாநிலத்தின் மறுகோடி அது. தோல் இலவசம் என்று தொடங்கும் எந்தத் திட்டமும் இந்தப் பயணச் செலவை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆய்வக எண்களை எடைபோடுவதிலும் நிதானம் வேண்டும். இத்தாலியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2016-ல் காபிச் சக்கையைச் சிலிக்கோன் ரப்பரோடு சேர்த்து ஒரு நுரைப்பஞ்சு செய்தார்கள். தேங்கிய நீரில் 30 மணி நேரம் ஊறவிட்டபோது அது ஈய, பாதரச அயனிகளில் 99 விழுக்காடு வரை பிடித்தது. அதே பஞ்சின் வழியாக நீரை ஓடவிட்டபோது ஈயத்தில் 67 விழுக்காடு வரைதான் பிடிபட்டது. தலைப்புச் செய்தியில் வருவது முதல் எண். மலை ஓடைக்குப் பொருந்துவது இரண்டாவது எண். ஓடை நீர் எங்கும் நின்று ஊறாது. ஆய்வகக் குடுவையில் பெரும்பாலும் ஒரே ஓர் உலோகம், நல்ல செறிவில், ஏற்ற அமிலத்தன்மையில் இருக்கும். அங்கே கிராமுக்குப் பல பத்து மில்லிகிராம் பிடிக்கும் பொடி, நீரில் ஈயம் மிகக் குறைவாக இருக்கும்போது அதில் சிறு பங்கைத்தான் பிடிக்கும். கிராமுக்கு 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஈயம் உள்ள 1000 லிட்டர் நீரை 0.01 என்ற குடிநீர் வரம்புக்குக் கொண்டுவர 90 கிராம் பொடி வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அது பெரிதில்லை. நாளுக்குப் பல லட்சம் லிட்டர் என்று பெருக்கிப் பார்த்தால் எத்தனை மூட்டை உலர்ந்த தோல், எத்தனை மூட்டை நச்சுப்பொடி என்பது புரியும்.

மலைக்கு ஓர் அனுகூலம் உண்டு. பழனி மலைகளின் சார்னோகைட் பாறையில் ஊறும் நீரில் கால்சியம் குறைவு. பெக்டினில் இடம்பிடிக்க ஈயத்தோடு மல்லுக்கு நிற்க ஆள் குறைவு. அடிவாரத்து உப்பு நீரில் இதே பொடி சீக்கிரம் சோர்ந்துவிடும். மலைக்கு ஒரு சிக்கலும் உண்டு: பனியும் சாரலும் மாறிமாறி இறங்கும் மேல்மலையில் தோலைக் காயவைப்பதே பெரும்பாடு. விறகு எரித்துக் காயவைத்தால் சோலைக்கு வினை. மலையிலிருந்து லாரி எப்படியும் வத்தலக்குண்டுக்கு இறங்குகிறது. அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை.

ஒரே வகைத் தோல் ஒரே இடத்தில் சேர்வதும் முக்கியம். கலப்படக் குப்பையிலிருந்து நம்பகமான வடிபொருள் செய்ய முடியாது. இந்த வகையில் கண்ணெதிரே இருப்பது பழனி. புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தத்துக்கு மலையில் விளையும் விருப்பாச்சி வாழை வேண்டும். பழம் பிசைந்து கலவையில் போக, தோல் அடிவாரத்திலேயே குவிகிறது. சுத்தமான, ஒரே ரகத் தோல். கொஞ்ச தூரத்தில் திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகள், அவற்றின் குரோமியம். அந்தக் குரோமியத்தின் பெரும்பகுதியை ஆலைக்குள்ளேயே வீழ்படிவாக்கி மறுபடி பதனிடலுக்கு எடுத்துக்கொள்ளும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் முதலில் ஒழுங்காக நடக்க வேண்டும். மிஞ்சும் கடைசிச் சிறு அளவைப் பிடிக்க வாழைத்தோல் பொடியைச் சோதித்துப் பார்ப்பது நியாயமான முயற்சியாக எனக்குப் படுகிறது. வாழைத்தோல் மாட்டுக்கும் உரத்துக்கும் போய்க்கொண்டிருந்தால், அங்கேயே போகட்டும். பயன்படும் பொருளைப் பிடுங்கி நச்சுக் கழிவாக்க வேண்டியதில்லை.

ஏரியைப் பொறுத்தவரை, 1863-ல் அப்போதைய மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு அணை கட்டி உருவாக்கிய அந்த நீர்ப்பரப்பின் அன்றாடத் துன்பம் கழிவுநீர். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பேட்டும் களைக்கும் பாசிக்கும் தீனி. இதற்குத் தோல்பொடி உதவாது. போட்டால் அழுகிக் கேட்டைக் கூட்டும். வீடுகளிலும் விடுதிகளிலும் இருந்து வரும் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதற்கு எந்தப் பொடியும் மாற்று ஆகாது. அந்த நிலையத்தின் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஓர் உணவுக் கழிவுக்கு நல்ல வேலை இருக்கிறது: முட்டை ஓடு. அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். 800 டிகிரிக்கு மேல் சுட்டால் சுண்ணாம்பாகும். தாவரக் கழிவோடு சேர்த்துச் சுட்டால் சுண்ணாம்பு ஏறிய உயிர்க்கரி கிடைக்கும். அது நீரிலுள்ள பாஸ்பேட்டைக் கால்சியம் பாஸ்பேட்டாகப் பிடித்துக்கொள்கிறது.

இங்கே பிடிபட்டது நஞ்சில்லை, பயிர் உணவு. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களின் மண் புளிப்பேறியது. விவசாயிகள் காசு கொடுத்துச் சுண்ணாம்பும் பாஸ்பரஸ் உரமும் வாங்கிப் போடுகிறார்கள். கிருமியும் கன உலோகமும் இல்லையெனச் சோதித்துச் சான்றளித்த பிறகு அந்தக் கரி அவர்கள் வயலுக்கே போகலாம். கும்மிடிப்பூண்டிக்கு லாரி வேண்டாம். கொடைக்கானலில் எதையாவது முதலில் செய்து பார்ப்பதென்றால் ஆம்லெட் கடைகளில் முட்டை ஓட்டுக்கு ஒரு தனி வாளி வைப்பதிலிருந்து தொடங்கலாம். பாதரசத்துக்கான கந்தகப் பஞ்சை ஆலை வளாகத்து வடிகாலில், அளவெடுக்கும் கருவியும் பொறுப்பேற்கும் அதிகாரியும் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், தனியாகச் சோதிக்கட்டும். அந்தச் சோதனையில் உள்ளே வந்த நீரில் எவ்வளவு, வெளியே போன நீரில் எவ்வளவு, சாக்கில் எவ்வளவு, சாக்கு எந்தத் தேதியில் எங்கே போனது என்ற நான்கு விவரங்களும் நகராட்சி அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கும்பக்கரைக்குக் கீழே அந்த நீரைப் பாய்ச்சும் ஊர்களுக்கும் அதன் நகல் போக வேண்டும்.